இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளி: நல்ல சேஸிங் காட்சி எப்படி உருவாகிறது?

கேள்வி இதுதான்: ஒரு படத்தில் கார் சேஸிங் காட்சியை நன்றாக ஆக்குவது எது? வேகமா, விலையுயர்ந்த கார்களா, நொறுங்கும் வண்டிகளின் எண்ணிக்கையா? கோடிகளைக் கொட்டி எடுத்த காட்சி தியேட்டர் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த ஒன்றை இன்னும் உட்கார்ந்து பேசுகிறோம். ஏன்? கேட்டவர் குறும்படம் எடுக்கும் எண்ணத்தில் இருக்கிறார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பதில் ஒரே சொல்: இடைவெளி. ஓடுபவருக்கும் துரத்துபவருக்கும் நடுவே இப்போது எவ்வளவு தூரம், அது குறைகிறதா கூடுகிறதா, எதனால் அப்படி ஆகிறது. இந்த மூன்றும் பார்ப்பவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் காட்சி பிடித்துக்கொள்ளும். கபடியில் பாடிப் போகிறவருக்கும் பிடிக்கக் காத்திருப்பவருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும் பாருங்கள், கூட்டம் மொத்தமும் அந்த ஒரு முழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கார் சேஸிங்கும் அதேதான். கேமரா, லென்ஸ், எடிட்டிங், ஒலி என்று எதைப் பேசினாலும் கடைசியில் அந்த இடைவெளியை நம் கண்ணால் அளக்க முடிகிறதா என்பதில்தான் வந்து நிற்கும்.

எல்லோரும் எடுத்துக்காட்டும் 'புல்லிட்' படத்திலிருந்தே தொடங்கலாம். 1968இல் வந்தது, பீட்டர் யேட்ஸ் இயக்கியது. ஸ்டீவ் மெக்வீன் போலீஸ்காரர், அவரிடம் பச்சை ஃபோர்டு மஸ்டாங். கூலிக்கொலையாளிகள் இருவரிடம் கறுப்பு டாட்ஜ் சார்ஜர். இடம் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடும் பள்ளமுமான தெருக்கள். காட்சியின் மொத்த நீளம் 11 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இதை முதல் முறை பார்ப்பவர்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு: முதல் சில நிமிடங்களில் யாருமே வேகமாக ஓட்டுவதில்லை.

கொலையாளிகள் மெக்வீனைப் பின்தொடர்கிறார்கள். அவர் அதைக் கவனித்துவிடுகிறார். ஒரு திருப்பத்தில் அவர் காணாமல் போக, அவர்கள் தேட, திடீரென்று அவர்களுடைய ரியர்வியூ கண்ணாடியில் அந்த மஸ்டாங் மேட்டிலிருந்து மெல்ல எழுந்து வருகிறது. இதுவரை வேட்டையாடியவர்கள் இப்போது வேட்டைக்கு ஆளாகிறார்கள். ஒரு டயர்கூட இன்னும் கிறீச்சிடவில்லை, ஆனால் இடைவெளி கைமாறிவிட்டது. அப்புறம், சார்ஜரை ஓட்டுபவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சீட் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறார். ஒரு தொழில்முறை ஆள் இனி நடக்கப்போவதற்குத் தயாராகிறார் என்று வசனமே இல்லாமல் நமக்குச் சொல்லியாகிவிட்டது. 'வாடா பார்த்துக்கலாம்' என்று ஒரு வசனம் வைத்திருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அதுவரை லாலோ ஷிஃப்ரினின் ஜாஸ் இசை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜர் சட்டென்று பாய்ந்து கிளம்பும் நொடியில் இசை நின்றுவிடுகிறது. மீதிக் காட்சி முழுவதும் எஞ்சின், டயர், கியர் மாறும் ஓசை, மேட்டிலிருந்து தாவி இறங்கும்போது வண்டி தரையில் அடிக்கும் அடி, இவ்வளவுதான். அந்த இடத்தில் இசை வேண்டாம் என்பது இசையமைப்பாளரே எடுத்த நிலைப்பாடு. இசை இருந்தால் அது நம் பதற்றத்தைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். இல்லாததால் நம் காது எஞ்சினைத் தேடுகிறது. எந்த வண்டி பக்கத்தில், எது தூரத்தில் என்பதைக் காதும் அளக்கத் தொடங்குகிறது.

இதே காட்சியில் மெக்வீன் ஒரு திருப்பத்தைத் தவறவிடுகிறார். பிரேக்கைப் போட்டு, டயரில் புகை கிளம்ப ரிவர்ஸ் எடுத்து, மறுபடியும் துரத்துகிறார். படப்பிடிப்பில் உண்மையிலேயே நடந்த தவறு அது. வெட்டி எறிந்திருக்கலாம், ஆனால் வைத்துக்கொண்டார்கள். எனக்கு மொத்தக் காட்சியிலும் பிடித்த இடம் அதுதான். கதாநாயகன் தவறு செய்கிறான், இடைவெளி கூடிவிடுகிறது, அவர்கள் தப்பிவிடுவார்களோ என்ற எண்ணம் முதல் முறையாக வருகிறது. தவறே செய்யாத டிரைவரைப் பார்த்து யாருக்கும் பயம் வராது.

இத்தனைக்கும் 'புல்லிட்' காட்சியில் ஓட்டைகள் ஏராளம். ஒரே பச்சை ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் மறுபடி மறுபடி குறுக்கே வரும். ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்து அடுத்தடுத்து ஒட்டியிருப்பதால் வந்த விளைவு அது. சார்ஜரின் சக்கரங்களிலிருந்து கழன்று ஓடும் வீல் கப்புகளை எண்ணினால் அந்த வண்டியில் இருப்பதைவிட அதிகமாக வரும். சான் ஃபிரான்சிஸ்கோக்காரர்களைக் கேட்டால், இந்தத் தெருவில் திரும்பி அந்தத் தெருவில் வரவே முடியாது என்பார்கள். ஆனாலும் பார்க்கும்போது எதுவும் உறுத்துவதில்லை. யார் முன்னால், யார் பின்னால், எவ்வளவு தள்ளி என்பது ஒரு முறைகூடக் குழம்பாததுதான் காரணம். எடிட்டர் ஃபிராங்க் பி. கெல்லருக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கார் கொடுத்தார்கள். ஊரின் வரைபடம் பொய்யாக இருக்கலாம், திரைக்குள் இருக்கும் வரைபடம் பொய்யாக இருக்கக் கூடாது.

அந்தத் திரை வரைபடம் எப்படி உருவாகிறது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அடிப்படை மிக எளிது. ஓடும் கார் திரையில் இடமிருந்து வலமாகப் போனால், துரத்தும் காரும் இடமிருந்து வலமாகவே போக வேண்டும். கேமராவைச் சாலையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் திசை மாறிவிடும். அப்போது இரண்டு கார்களும் நேருக்கு நேர் மோத வருவதுபோல் தெரியும். திசையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கார் நேராக நம்மை நோக்கி வருகிற அல்லது நம்மைவிட்டு நேராகப் போகிற ஷாட் ஒன்றை நடுவில் வைத்துவிட்டு மாற்றலாம். இல்லையென்றால் கார் திரும்புவதையே காட்டிவிடலாம்.

இதைவிட முக்கியமானது, இரண்டு கார்களும் ஒரே ஃபிரேமில் வரும் ஷாட். துரத்துபவரின் முகம், ஓடுபவரின் முகம், மறுபடி துரத்துபவர் என்று தனித்தனி ஷாட்டுகளை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினால், நடுவே இருப்பது 10 மீட்டரா, அரைக் கிலோமீட்டரா என்று யாருக்கும் தெரியாது. எடிட்டர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். இரண்டு வண்டியும் ஒன்றாகத் தெரியும் ஷாட் அவ்வப்போது வந்தால்தான் இடைவெளிக்குச் சாட்சி கிடைக்கும். முன்னால் போகும் காரின் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியலாம், பின்னால் வருபவரின் தோளுக்கு மேலாக முன்னால் போவது தெரியலாம், மேலிருந்து இரண்டும் தெரியலாம். எந்த வழியாக இருந்தாலும் சரி. குழப்பமான ஒரு சேஸிங் காட்சியைப் பார்க்க நேர்ந்தால் இதை மட்டும் சோதித்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்த ஷாட்தான் அங்கே இருக்காது.

இடைவெளி என்றால் சாலையில் முன்னும் பின்னுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதை வில்லியம் ஃப்ரீட்கின் 1971இல் 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தில் காட்டிவிட்டார். என்னைக் கேட்டால் இதுவரை எடுத்ததிலேயே சிறந்த சேஸிங் இதுதான். இத்தனைக்கும் இதில் ஓடுவது கார்கூட இல்லை. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், தெருவுக்கு மேலே இரும்புத் தூண்கள் மீது ரயில் பாதை போகும். கொலையாளி மேலே ரயிலில். ஜீன் ஹேக்மன் நடித்த போலீஸ்காரர் பாப்பாய் டாயில் கீழே, தெருவில், வழியில் மறித்துப் பிடுங்கிய யாரோ ஒருவரின் போன்டியாக் காரில்.

இதில் என்ன புதுமை என்றால், துரத்துபவரால் தான் துரத்துவதைச் சரியாகப் பார்க்கவே முடியாது. தலையைத் தூக்கி மேலே பார்த்தால் எதிரே வரும் லாரி தெரியாது. எதிரே பார்த்தால் ரயில் எங்கே போனது என்று தெரியாது. ஒவ்வொரு முறை அவர் கண்ணை மேலே உயர்த்தும்போதும் நமக்கு வயிறு கலங்குகிறது. ஒரு ஸ்டேஷனில் முந்திப் போய், காரை விட்டு இறங்கி, படியேறி ஓடுகிறார். மேலே ஓட்டுநரின் தலையில் துப்பாக்கி, ரயில் நிற்காமல் பறந்துவிடுகிறது. மறுபடி படியிறங்கி ஓட வேண்டும். ஸ்டேஷன்கள்தான் இந்தக் காட்சியின் அளவுகோல். ஒவ்வொன்றிலும் முந்தினாரா பிந்தினாரா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். மேலே ரயிலுக்குள் தனிக் கதை ஒன்று நடக்கிறது. போலீஸ்காரர் சுடப்படுகிறார், நடத்துநர் சுடப்படுகிறார், ஓட்டுநருக்கு மாரடைப்பு வருகிறது. மேலே என்ன ஆகிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. நமக்கு இரண்டும் தெரியும். இந்த வித்தியாசமும் ஒருவகை இடைவெளிதான்.

டாயில் ஏன் இப்படி வெறிபிடித்து ஓட்டுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். சற்று முன்புதான் அந்தக் கொலையாளி மொட்டைமாடியிலிருந்து இவரைக் குறிவைத்துச் சுட்டான், குண்டு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண்ணின் மீது பாய்ந்தது. டாயிலின் குணமும் நமக்கு ஏற்கெனவே தெரியும்: முரடர், பிடிவாதக்காரர், யாருக்கு என்ன ஆனாலும் தான் நினைத்ததை முடிப்பவர். அவர் ஓட்டும் விதம் அப்படியே அந்தக் குணம். வண்டியை அடித்து நொறுக்கி, ஹார்னை விடாமல் அமுக்கி, ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு ஓட்டுகிறார். மெக்வீன் நிதானமாக, முகத்தில் எதையும் காட்டாமல் ஓட்டுவார். இரண்டு படத்திலும் முக்கியமான ஓட்டுநர் வேலையில் பில் ஹிக்மன் என்ற ஒரே ஸ்டண்ட் கலைஞர் இருந்தார். 'புல்லிட்' படத்தில் சார்ஜரை ஓட்டும் கண்ணாடி போட்ட ஆள் அவர்தான். ஹேக்மனுக்காக ஆபத்தான பகுதிகளை ஓட்டியதும் அவர்தான். ஒரே கை ஓட்டியும் இரண்டு காட்சிகளும் வேறு வேறு மனிதர்களைக் காட்டுகின்றன.

ஃப்ரீட்கின் பிற்காலத்தில் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்ன ஒன்று உண்டு. காரின் கூரையில் சைரன் விளக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஹிக்மன் 26 பிளாக் தூரத்தை (ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை ஒரு பிளாக்) மணிக்கு 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பின்சீட்டிலிருந்து கேமராவைப் பிடித்தது ஃப்ரீட்கினே. சாலையை முறையாக மூடவில்லை, போக்குவரத்து அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மனித உயிரைப் பணயம் வைத்த அந்தக் காரியத்தை இனி செய்ய மாட்டேன் என்றும் அவரே சொன்னார். காட்சியைக் கொண்டாடும் பலர் இந்தப் பகுதியையும் சேர்த்தே வீரமாகக் கொண்டாடுகிறார்கள், அது தவறு. காட்சியின் பலம் ஹேக்மனின் முகத்திலும் ரயிலும் காரும் மேல் கீழாக ஓடும் அமைப்பிலும் ஜெரி கிரீன்பெர்க்கின் எடிட்டிங்கிலும் இருக்கிறது. யாரோ ஒருவரின் உயிர் ஆபத்தில் இருந்ததில் இல்லை.

சரி, வேகத்துக்கு வருவோம். திரையில் தெரியும் வேகத்துக்கும் ஸ்பீடோமீட்டர் முள்ளுக்கும் சம்பந்தம் குறைவு. காலியான ஆறுவழிச் சாலையில் 150 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரைத் தூரத்திலிருந்து எடுத்தால் நகர்வதுபோலவே தெரியாது. குறுகலான சந்தில் 50இல் போனால் மூச்சு நிற்கும். பக்கத்தில் கடந்து போகும் பொருட்கள்தான் நமக்கு வேகத்தைச் சொல்கின்றன: தூண், மரம், நிறுத்தியிருக்கும் வண்டி, சுவர். 'ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' காட்சியில் அந்த இரும்புத் தூண்கள் வரிசையாக இருபுறமும் சரசரவென்று கடப்பது பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

கேமராவின் உயரமும் அப்படியே. பம்பர் மட்டத்தில், தரையை ஒட்டி வைத்தால் தார்ச்சாலை நம்மை நோக்கிப் பாய்ந்து வரும். ஆள் உயரத்தில் வைத்தால் அதே வேகம் பாதியாகத் தெரியும். அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ் வேகத்தைக் கூட்டும். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் தூரத்தைச் சுருக்கும், பின்னால் வரும் கார் முதுகில் ஒட்டிக்கொண்டு வருவதுபோல் காட்டும். ஆனால் வேகம் அதில் செத்துவிடும். இரண்டுக்கும் இடம் உண்டு. வினாடிக்கு 24 ஃபிரேம் என்பது வழக்கம். 20 அல்லது 18 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் எல்லாமே வேகமாகும். இதைக் கொஞ்சமாகச் செய்தால் தெரியாது, கூடிப்போனால் நடந்துபோகிறவர்கள் பழைய ஊமைப்படக் காமெடி போல் துள்ளுவார்கள். அதனால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும் ஷாட்டில் இந்த வித்தையைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஒலியின் பலத்துக்கு நான் எப்போதும் சொல்வது பிரெஞ்சு இயக்குநர் கிளாட் லெலூஷ் 1976இல் வெளியிட்ட எட்டு நிமிடக் குறும்படம். 'ராந்தேவூ' (Rendezvous) என்று அறியப்படுவது, அதாவது சந்திப்பு. விடியற்காலைப் பாரிஸ் நகரத்தை ஒரு கார் சிக்னலை எல்லாம் மதிக்காமல் குறுக்கே கடந்து, மோன்மார்த்ர் குன்றின் மேல் காத்திருக்கும் பெண்ணிடம் போய்ச் சேரும். முழுவதும் ஒரே ஷாட். காரை நாம் பார்ப்பதே இல்லை. கேட்பது ஃபெராரி எஞ்சினின் அலறல். ஆனால் கேமரா பொருத்தியிருந்தது ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 450 எஸ்இஎல் 6.9 காரில், சொகுசான பெரிய வண்டி. ஃபெராரியின் சத்தத்தைப் பிறகு சேர்த்தார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் கார் வேகமாகப் போகிறது, அவ்வளவுதான். ஒலியோடு பார்த்தால் கியர் ஒவ்வொன்றாக இறங்குவதும், திருப்பத்தில் எஞ்சின் தவிப்பதும், மறுபடி உறுமி எழுவதும் சேர்ந்து முதுகு சில்லிடும். பாதுகாப்பு விஷயத்தில் இதுவும் பின்பற்றத்தக்க உதாரணம் இல்லை. ஒலி எவ்வளவு சுமக்கும் என்று தெரிந்துகொள்ள மட்டும் பாருங்கள்.

இங்கே நம் பக்கத்து வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் படங்களில் சேஸிங் வந்தால் ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, முதல் நொடியிலிருந்தே உச்சத்தில் நிற்கிறது. எஞ்சின் சத்தம் அடியில் எங்கேயோ அமுங்கிக் கிடக்கும். டாடா சுமோ ஒன்று வானத்தில் எழும், அது சுழல்வதை மூன்று கோணங்களில், மூன்று முறை, ஸ்லோ மோஷனில் பார்ப்போம். ஸ்டண்ட் கலைஞர்களின் உழைப்புக்கு மரியாதை செய்யத்தான் அப்படிக் காட்டுகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பத்து வினாடியில் துரத்தல் நின்றுபோகிறது. முன்னால் ஓடும் கார் எங்கே போனது? எவ்வளவு தூரம் போயிருக்கும்? திரும்பி வரும்போது எல்லாம் நின்ற இடத்திலிருந்தே தொடரும். அப்புறம் பார்ப்பவர் மனதில் இடைவெளி என்ற கணக்கே இருக்காது, அடுத்து எந்த வண்டி பறக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மிஞ்சும்.

நன்றாகச் செய்ததும் உண்டு. 2019இல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'கைதி' படத்தில் கார்த்தி ஓட்டுவது கார் அல்ல, கனமான லாரி. பெரிய வேகம் எதுவும் எடுக்க முடியாத வண்டி. ஆனால் அதன் பின்னால் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொல்ல ஒரு கும்பலே துரத்துகிறது. டிரைவர் வண்டியை விட்டு இறங்கி ஓடிவிட முடியாது, கண்மண் தெரியாமல் திருப்பவும் முடியாது. என்ன சுமை ஏற்றியிருக்கிறோம் என்பதே ஒவ்வொரு பள்ளத்தையும் திருப்பத்தையும் பெரிதாக்கிவிடுகிறது. பறக்கும் வண்டி செய்யாததை அந்தச் சுமை செய்கிறது.

மெதுவான வண்டி பயமுறுத்தும் என்பதற்கு முன்னோடி 'டூயல்'. 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தன் 24 வயதில் எடுத்தது. ஒரு சாதாரண விற்பனை ஊழியர், சிவப்பு பிளைமவுத் கார். பின்னால் துருப்பிடித்த ஒரு டேங்கர் லாரி. லாரி டிரைவரின் முகத்தைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள், கையும் பூட்ஸ் காலும் மட்டும்தான். தொடக்கத்தில் பெட்ரோல் பங்க்கில் ஒருவர், 'உங்க ரேடியேட்டர் ஹோஸை மாத்தணும்' என்கிறார். இவர் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். படத்தின் பின்பகுதியில், மேடு ஏறும்போது, அந்த ஹோஸ் வெடித்து வண்டியின் பலம் குறைகிறது. லாரி மேட்டில் திணறும், தப்பித்துவிடலாம் என்று நாம் நம்பியிருந்த நேரம் அது. இடைவெளி நம் கண்முன்னே கரைகிறது. எதிர்பாராத விபத்தாக அந்த ஹோஸ் வெடித்திருந்தால் எழுத்தாளரின் வசதிக்காக நடந்ததாகத் தோன்றியிருக்கும். முன்பே சொல்லிவைத்ததால், ஐயோ அப்போதே மாற்றியிருக்கலாமே என்று நாமும் அவரோடு சேர்ந்து வருந்துகிறோம்.

இடைவெளியைக் குறைக்காமல், நீட்டாமல், மறைத்தும் பதற்றத்தை உண்டாக்கலாம். 2011இல் வந்த 'டிரைவ்' படத்தின் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் இரவு நேரம். திருடர்களை ஏற்றிக்கொண்டு போகும் டிரைவரிடம் இருப்பது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வெள்ளி நிறச் செவ்ரோலே இம்பாலா. போலீஸ் வயர்லெஸ் ஒரு பக்கம், கூடைப்பந்து வர்ணனை ஒரு பக்கம் ஓடுகின்றன. பெரும்பாலான நேரம் அவர் ஒளிகிறார், நிற்கிறார், மெதுவாக நகர்கிறார். சிக்னலில் எதிரே போலீஸ் கார், மேலே ஹெலிகாப்டர். அவர்கள் பார்த்துவிட்டார்களா இல்லையா என்பதுதான் இங்கே தூரம். வர்ணனை ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்பது கடைசியில்தான் புரியும்: ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரத்தில் சரியாக அரங்கத்தின் பார்க்கிங்குக்குள் காரை விட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்து போய்விடுகிறார். புத்திசாலி டிரைவரைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஓட்டுபவரின் முகம். ஸ்டூடியோவில் காரை நிறுத்தி, பின்னால் திரையில் சாலையை ஓட்டி, நடிகரை ஸ்டியரிங்கை ஆட்டச் சொன்னால் நம் உடம்பு அதைக் கண்டுபிடித்துவிடும். கார் திரும்பும்போது தலை எந்தப் பக்கம் சாய வேண்டும், பிரேக் அடிக்கும்போது தோள் எப்படி முன்னால் வரும் என்பது தினமும் பஸ்ஸில் போகும் எல்லோருக்கும் தெரியும். ஜான் ஃபிராங்கன்ஹைமர் 1998இல் 'ரோனின்' படத்துக்கு இதற்கு ஒரு வழி செய்தார். பிரான்ஸில் ஸ்டியரிங் இடதுபக்கம். அவர் சில ஷாட்டுகளுக்கு வலதுபக்க ஸ்டியரிங் கார்களைக் கொண்டுவந்து, இடதுபக்கம் ஒரு போலி ஸ்டியரிங்கைப் பொருத்தி நடிகரை உட்கார வைத்தார். வலதுபக்கம் ஃபிரேமுக்கு வெளியே ஸ்டண்ட் டிரைவர் உண்மையான வேகத்தில் ஓட்டினார். ராபர்ட் டி நீரோவின் முகத்திலும் மற்றவர்கள் முகத்திலும் தெரிவதில் பாதி நடிப்பு, பாதி உண்மை. ஃபிராங்கன்ஹைமர் 1966இலேயே கார் பந்தயத்தைப் பற்றி ஒரு முழுப்படம் எடுத்தவர். 'ரோனின்' படத்தில் பாரிஸ் சுரங்கப்பாதையில் எதிர்த்திசையில் போகும் காட்சியில் ஸ்லோ மோஷனைத் தேடினாலும் கிடைக்காது.

வண்டியின் எடையும் இதோடு சேர்ந்தது. திருப்பத்தில் பாடி சாய்வது, பிரேக்கில் மூக்கு குனிவது, மேட்டிலிருந்து இறங்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கி எழுவது. இவை இருந்தால் அது ஒன்றரை டன் இரும்பு என்று கண் நம்பும். பழைய அமெரிக்கக் கார்கள் மெத்தென்ற சஸ்பென்ஷனில் தள்ளாடுவதால்தான் அந்தக் காலச் சேஸிங்குகள் இன்னும் கனமாகத் தெரிகின்றன. கம்ப்யூட்டரில் செய்த கார் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். சேதமும் அப்படியே: ஒரு முறை நசுங்கிய கதவு காட்சி முடியும்வரை நசுங்கியே இருக்க வேண்டும். ஹெட்லைட் போனால் இருட்டில் ஓட்டுவது கடினமாக வேண்டும். காருக்கு எதுவுமே ஆகாது என்று தெரிந்துவிட்டால் நமக்கும் எதுவும் ஆகாது.

வேகமான எடிட்டிங்கைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். ஷாட்டுகளின் எண்ணிக்கையில் தவறில்லை என்பதற்கு 2015இன் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' சாட்சி. ஜார்ஜ் மில்லர் சுமார் 480 மணி நேரக் காட்சிகளை எடுத்துக் குவித்தார். அதற்கு முன் ஆக்‌ஷன் படமே எடிட் செய்திராத மார்கரெட் சிக்ஸல் அதை இரண்டு மணி நேரமாக்கி ஆஸ்கார் வாங்கினார். ஷாட்டுகள் மிகமிக வேகமாக மாறும், ஆனாலும் கண் தடுமாறாது. ஒவ்வொரு ஷாட்டிலும் பார்க்க வேண்டிய பொருள் ஃபிரேமின் நடுவிலேயே இருக்கும்படி எடுத்திருக்கிறார்கள். கட் ஆனதும் கண் திரையில் எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. அதோடு கதையே ஒரு திசையில் போய், அதே வழியில் திரும்பி வருகிறது. திரும்பும்போது, போகும் வழியில் கடந்த மலைக் கணவாய் எங்கே இருக்கிறது, அங்கே என்ன காத்திருக்கும் என்று நமக்கு முன்பே தெரியும். பாலைவனத்தில் தூணோ சுவரோ கிடையாது. அங்கே இடைவெளியை அளக்க அவர்களுக்கு வண்டிக்கூட்டமும் புழுதியும் அந்தக் கணவாயும்தான் உதவின.

காட்சி முடியும்போது கதை நகர்ந்திருக்க வேண்டும், இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 'புல்லிட்' முடிவில் கொலையாளிகள் எரிந்துபோகிறார்கள், அவர்களை அனுப்பியது யார் என்று கேட்க ஆளில்லாமல் போகிறது. டாயில் கடைசியில் கொலையாளியை முதுகில் சுடுகிறார், அவரை நாம் பார்க்கும் பார்வையே மாறுகிறது. துரத்தலை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கும் என்றால் அதை எடுத்துவிடலாம்.

கேட்டவர் எடுக்கப்போகும் குறும்படத்துக்கு இரண்டு கார், ஒரு சாலை, ஒரு காலைப்பொழுது போதும். ஸ்கிரிப்டில் 'கார் வேகமாகப் போகிறது' என்று எழுதாமல், ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: 100 மீட்டர், 40 மீட்டர், ரயில்வே கேட் மூடுகிறது, பார்வையில் இல்லை, திடீரென்று 5 மீட்டர். தூரம் மாறாத வரி இருந்தால் அடித்துவிடுங்கள். மாறும் ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒரு காரணம் வேண்டும்: ஓட்டுபவரின் முடிவு, அவருடைய தவறு, அல்லது முன்பே காட்டிய ஏதாவது ஒன்று. போலீஸ் அனுமதி வாங்கி, சாலையின் இரண்டு முனையையும் மூடி, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுங்கள். மீதி வேகத்தைத் தாழ்வான கேமராவும் வைட் லென்ஸும் பிறகு சேர்க்கும் எஞ்சின் ஒலியும் கொடுத்துவிடும். இரண்டு கார்களும் ஒரே ஃபிரேமில் வரும் ஷாட்டுகளை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டாலும் கவலையில்லை, முகங்களின் குளோசப்பை மறுநாள் அதே நேரத்தில் வேறு ஒரு தெருவில்கூட எடுத்துக்கொள்ளலாம்.